வெறும் வண்டி

மார்ச் 3, திங்கள்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. நாம் பேசி மூன்று வருஷமாகிறது. போனில் கூப்பிட்டால் இரண்டாவது வார்த்தையிலேயே இரண்டு பேருக்கும் வாய் நீண்டுவிடும். அதனால் மெயில். எழுதினால் கோபத்தில் வந்ததை அழித்துவிட்டு அனுப்பலாம். நீயும் அப்படியே செய்.

விஷயம் அப்பா. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று நான் சொல்ல, வயசானா அப்படித்தான் என்று அவர் சொல்ல, இப்படியே ஆறு மாதம் ஓடிற்று. போன வாரம் ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டார்கள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டதாம். மாற்றியாக வேண்டும். அந்த ஆப்பரேஷனுக்கு இங்கே வசதியில்லை. உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பதின்மூன்றாம் தேதி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே சேர்த்துவிட வேண்டும்.

எப்படி அங்கே கொண்டுவருவது என்பதுதான் பிரச்சினை. மலை ரயில் பாதை மண்சரிவில் மூடிக் கிடக்கிறது. விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? "பஸ்ஸுல போறேன். டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. என்கிட்ட யாரும் டிக்கெட்கூட கேக்க மாட்டாங்க." அதே மலைப்பாதையில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர் வேறெப்படிப் பேசுவார்? டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆகவே கார். வீட்டு வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் வாடகைக் கார். உன் ஊரில் அதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நீ பதிவு செய். எனக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. "கிளீனரும் ஏதாவது செய்யட்டும்" என்று அப்பா ஆசைப்படுகிறார். ஆமாம், உன்னை இன்னும் கிளீனர் என்றுதான் சொல்கிறார். நான் இன்னும் கண்டக்டர்தான்.

ஒரே வண்டி, ஒரே டிரைவர், பகல் நேரம். நான் கூட வரமாட்டேன். உன் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று நான் சொன்னது கோபத்தில்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். அப்பா தனியாகவே போகிறேன் என்கிறார். கடையில் ஒரு ஹோட்டலின் திரைச்சீலை மொத்தமும் சலவைக்கு வந்து கூரை வரை குவிந்திருக்கிறது. அதைச் சாக்கு என்று நீ நினைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அக்கா


மார்ச் 4, செவ்வாய்

அக்கா,

உன் மெயிலை ரிப்பேருக்கு ஏறிய ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில். கீழே என் ஆள் "சார், இறக்கட்டுமா?" என்று கத்திக்கொண்டே இருந்தான். படித்து முடித்த பிறகுதான் இறக்கச் சொன்னேன்.

இந்த முறையாவது நேரத்தில் சொன்னாயே. அதற்கு நன்றி.

வண்டி பதிவு செய்துவிட்டேன். பன்னிரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்கும். பதிவு செய்வதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. எத்தனை பேர்? ஒருவர். எத்தனை பெட்டி? ஒன்று. குழந்தை சீட் வேண்டுமா? வழியில் நீர்வீழ்ச்சியில் நிறுத்தவா, காட்சி முனையில் நிறுத்தவா? அப்புறம் 'பயணத்தின் நோக்கம்' என்று ஒரு கட்டம். ஓய்வு, தேனிலவு, வியாபாரம், மற்றவை. மற்றவை என்பதைத் தொட்டேன்.

ஒன்று கேட்கிறேன். வால்வு சுருங்கிய மனுஷரைத் தனியாக ஏற்றி அனுப்பலாமா? திரைச்சீலையைவிட அப்பா முக்கியமில்லையா? நீயே வந்து கூட்டிப் போ என்று பதில் எழுதுவாய். என்னால் முடியாது. அந்த மலைப்பாதையில் நான் மூன்று வருஷமாக ஏறவில்லை. ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி


மார்ச் 6, வியாழன்

தம்பி,

'இந்த முறையாவது' என்ற வார்த்தையை எழுதி, படித்துப் பார்த்து, அழிக்காமல்தான் அனுப்பினாயா? சரி. இருக்கட்டும்.

நீ பதிவு செய்த லட்சணத்தைக் கேள். எனக்கு மனசு கேட்காமல் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தேன் ஒழுகப் பேசினாள். "வண்டி உச்சி வரைக்கும் வரும் மேடம், அங்க எங்க இன்னொரு வண்டி தயாரா நிக்கும், பெட்டியை அவங்களே மாத்திடுவாங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு ஊர் டிரைவர்களும் ராத்திரி அவரவர் வீட்டில் படுக்க வேண்டுமாம். அதனால் நம் பக்கமிருந்து ஒரு வண்டியும் உன் பக்கமிருந்து ஒரு வண்டியும் மலை உச்சியில் சந்தித்து, ஆட்களை மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிவிடுமாம். இது வழக்கமான ஏற்பாடாம். எல்லாருக்கும் தெரியுமாம். உனக்குத் தெரியவில்லை, பார்.

இதில் கூத்து என்னவென்றால், அப்பாவுக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. "ரெண்டு வண்டியும் ஆளோட திரும்புதில்ல? நல்ல மூளைடா" என்கிறார். அவருக்கு வெறும் வண்டி ஆகாதே. டிப்போவுக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸில்கூட ரோட்டில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டுதானே வருவார்? "வெறும் வண்டி ஓட்டினா ரோடு நம்மள மதிக்காது" என்பது நமக்குப் பாலோடு சேர்த்துப் புகட்டிய பாடம் ஆயிற்றே.

ரோடு மதிப்பது இருக்கட்டும். அந்த உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். பத்து எட்டு நடந்தால் இவருக்கு உதடு நீலமாகிவிடுகிறது. அங்கே இறங்கி, நின்று, அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மாற்று. ஒரே வண்டி என்று எழுதி வாங்கு.

கடைசியாக ஒன்று. அம்மா விஷயத்தில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். கிளறாதே.

அக்கா


மார்ச் 7, வெள்ளி

அக்கா,

மாற்றிவிட்டேன். ஒரே வண்டி, ஒரே டிரைவர், வாசலிலிருந்து வாசல்வரை. மேனேஜரிடமே பேசினேன். அந்த வழக்கம் எனக்குத் தெரியாதுதான். ஆழம் தெரியாமல் காலை விட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கிளறாதே என்று நீ சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கேள். சாயங்காலமே அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. நீ என்னைக் கூப்பிட்டது மறுநாள் விடிந்த பிறகு. நடுவில் ஒரு முழு ராத்திரி இருந்தது. அப்போது என்னிடம் சொந்த வண்டி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடிவதற்குள் அங்கே வந்திருப்பேன். நீ காலையில், அம்மா போன பிறகு சொன்னாய். ஓட்டும் நிலையில் நான் இல்லாததால் வாடகைக் கார் பிடித்து வந்தேன். பனிமூட்டத்தில் அந்த டிரைவர் நாள் முழுக்க ஊர்ந்தான். நான் வாசலில் இறங்கும்போது இரண்டு பேர் வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டுமென்று எல்லாவற்றையும் முடித்துவிட்டிருந்தீர்கள். நான் முதலில் பார்த்தது அந்த நாற்காலிகளைத்தான்.

அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை அக்கா. "அம்மாவை என்கிட்டேர்ந்து மறைச்சவ நீ" என்று அன்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அந்த வார்த்தை இன்றுவரை என் வாயில்தான் இருக்கிறது. அதை விழுங்க எனக்கு ஒரு காரணம் வேண்டும். நீ தர மறுக்கிறாய்.

தம்பி


மார்ச் 12, புதன், பகல்

தம்பி,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அப்பா வரவில்லை. வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. நல்ல வண்டி, நல்ல பையன்தான். அப்பா சட்டையெல்லாம் மாட்டி, பெட்டியோடு வாசலில் நின்றார். ஏறுவதற்கு முன் டிரைவரிடம் போய், "தம்பி, என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து பாரு" என்றார். பார்த்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். "எப்பத் தூங்கினே?" என்றார். அவன் மழுப்பினான். ஒரு கொட்டாவி விட்டான். ராத்திரி முழுக்க ஒரு குடும்பத்தை ஏற்றி வந்து, அப்படியே நம் வாசலுக்கு வந்திருக்கிறான். கம்பெனிக்காரர்கள் விரட்டியிருக்கிறார்கள்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, சாப்பாடு போடச் சொல்லி, கூடத்து சோபாவில் படுக்க வைத்தார். "நீ தூங்கி எந்திரி. நான் வரல" என்றார். நான் கெஞ்சினேன், கத்தினேன், உன் பேரைச் சொல்லிக்கூட மிரட்டிப் பார்த்தேன். "பதறாத காரியம் சிதறாது" என்று அவர் பழைய பஸ்ஸில் எழுதி வைத்திருந்த பழமொழியை எனக்கே திருப்பிச் சொன்னார். மதியம் அந்தப் பையன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு போனான். போகும்போது அப்பா அவனை எங்கள் தெருமுனையில் நின்ற இரண்டு பேரை ஏற்றிக்கொள்ள வைத்தார். அதிலும் குறைவைக்கவில்லை.

நேற்று ராத்திரி அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பேசி வேறு தேதி வாங்கு.

அக்கா


மார்ச் 12, புதன், மாலை

அக்கா,

நான் ஆஸ்பத்திரி வாசலில் வீல்சேர் வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மெசேஜ் இல்லை, ஒரு போன் இல்லை. மணிக்கு ஒரு தடவை அந்த வீல்சேர்க்காரர் வந்து "வருவாங்களா சார்?" என்று கேட்டார். மறுபடியும் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல். உன் வழக்கமே இப்படித்தானா?

சர்ஜனைப் பார்த்தேன். இருபதாம் தேதி ஒரு இடம் இருக்கிறது. பத்தொன்பது மாலை ஐந்து மணிக்குள் அப்பா உள்ளே வந்திருக்க வேண்டும். அதை விட்டால் சர்ஜன் வெளிநாடு போய் வர ஒன்றரை மாதமாகும். அவ்வளவு நாள் அப்பா தாங்குவாரா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அந்தப் பதில் போதும்.

அதே கம்பெனியில்தான் மறுபடியும் பதிவு செய்திருக்கிறேன். டிரைவர் முதல் நாள் முழுக்க ஓய்வில் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறேன். வண்டி மாற்றம் கிடையாது. இதற்குமேல் நான் தலைகீழாக நின்றாலும் செய்ய ஒன்றுமில்லை.

நீ கூட வா. என் வீட்டுக்கு வர வேண்டாம். ஆஸ்பத்திரி வாசல் வரை வா, போதும்.

தம்பி


மார்ச் 15, சனி

தம்பி,

அப்பா இப்போது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறார். முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்திருக்கிறேன். இரவில் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே திரைச்சீலைகளுக்கு இஸ்திரி போடுகிறேன். சத்தம் நின்றால் பெட்டியை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

வண்டி வரட்டும். இந்தத் தடவை அவரை நான் ஏற்றிவிடுவேன். கூட வருவதைப் பற்றி எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி வாசலில் எல்லார் முன்னாலும் நீ இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னால் தாங்க எனக்குத் தெம்பில்லை. சொல்ல மாட்டாய் என்று நீயும் எழுதவில்லையே.

அக்கா


மார்ச் 19, புதன், இரவு

அக்கா,

அப்பா உள்ளே வந்துவிட்டார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை முதல் ஆப்பரேஷன் அவருக்குத்தான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பதிவு செய்தது வெள்ளை வண்டி. அப்பா இறங்கியது ஒரு பழைய நீல வண்டியிலிருந்து. சீட் உறை மட்டும் பளபளவென்று வெளுத்திருந்தது. முன்சீட்டில் தலையைச் சுற்றிச் சால்வை போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் அப்பாவை வீல்சேரில் உட்கார வைத்துத் திரும்புவதற்குள் வண்டி போய்விட்டது.

அது நீதானே? அப்பாவைக் கேட்டால் "கண்டக்டர்கிட்ட கேளு" என்கிறார். எனக்கு அந்தக் கம்பெனியில் யாரும் போன் எடுக்கவில்லை. மலையில் என்ன நடந்தது?

தம்பி


மார்ச் 20, வியாழன், காலை

தம்பி,

இந்நேரம் அவரை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கடையைத் திறந்துவிட்டு மிஷினை ஓட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினாலாவது நேரம் நகரும்.

ஆமாம், நான்தான். உன் கம்பெனியை நான் நம்பவில்லை. அதனால் உனக்குச் சொல்லாமல் நானும் ஒரு வண்டி வைத்தேன். எங்கள் கடையில் மாதாமாதம் சீட் உறை வெளுக்கப் போடும் டாக்ஸிக்காரர். நாங்கள் அவரை சீட்கவர் என்றே கூப்பிடுவோம். நேற்று காலை வாசலில் வெள்ளையும் நீலமும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நீயும் நானும் ஒருவரையொருவர் நம்பியிருந்தால் ஒரு வண்டியோடு போயிருக்கும்.

அப்பா இரண்டையும் பார்த்தார். இரண்டு டிரைவரையும் கிட்டே கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்தார். இருவரும் தேறினார்கள். நான் சீட்கவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பப் போனேன். "நில்லு. ஒரு வண்டி வெறுமையா எதுக்குப் போகணும்? கிளீனர் அனுப்பினதுல நான் ஏறுறேன். அதுல நீ ஏறு" என்றார். நான் வரமாட்டேன் என்றேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப ரெண்டுலயும் யாரும் ஏற வேண்டாம்." அந்த நீல உதட்டோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் கையில் கஞ்சிப் பசையோடு, போட்ட புடவையோடு ஏறினேன்.

உச்சியில் உன் கம்பெனி தன் புத்தியைக் காட்டிவிட்டது. நாங்கள் கொஞ்சம் பின்தங்கிப் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளை வண்டி ஓரமாக நின்றது. அப்பா வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். பாதி வழியில் ஆபீஸிலிருந்து உத்தரவாம்: நம் ஊருக்குத் திரும்பி வேறு ஆளை ஏற்றணும், இவரை உச்சியிலேயே மாற்றிவிடு என்று. கீழிருந்து வர வேண்டிய வண்டியோ ரயில் நின்றுபோனதால் மலையேறும் வண்டிகளின் நெரிசலில் எங்கேயோ மாட்டிக் கிடந்தது. அப்பாவின் கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எனக்கு அம்மாவின் கை ஞாபகம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே ஓவென்று அழுதேன் தம்பி. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அழாத. பின்னாடி வண்டி இருக்குல்ல" என்றார். சீட்கவரும் நானும் அவரைத் தூக்கி நீல வண்டியில் வைத்தோம். அப்போதும் அவர் கதவைச் சாத்தவிடவில்லை. அங்கே பஸ்ஸுக்காக மூட்டையோடு ஒரு அம்மாவும் மகளும் நின்றார்கள். அவர்களைக் கூப்பிட்டு வெள்ளை வண்டியைக் காட்டி, "எங்க ஊருக்குத்தானே? ஏறுங்க, அவன் சும்மாதான் போறான்" என்றார். மூச்சுக்கு நடுவில், ஒவ்வொரு வார்த்தையாக. அதற்குப் பிறகுதான் எங்களைக் கிளம்பச் சொன்னார்.

இறக்கம் முழுக்க நான் முன்சீட்டில். தெரியும்தானே, முன்சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது, டிரைவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும், அது நம் வீட்டுச் சட்டம். நேரமாகிறதே என்று நான் சீட்கவரை விரட்டினேன். அப்பா பின்னாலிருந்து, "அவரை விரட்டாத கண்டக்டர். அடுத்த வளைவுல லாரி வரும்" என்றார். வந்தது. வழியில் அவர் ஒரு பழைய விஷயத்தைப் பேச ஆரம்பித்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

வாசலில் உன்னைப் பார்த்தேன். நன்றாக நரைத்துவிட்டாய். இறங்க வேண்டும் என்றுதான் கதவில் கை வைத்தேன். அதற்குள் நீ ஏதோ அதட்டினாய். வீல்சேர்க்காரரைத்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது என் கை தானாக விலகிவிட்டது. வண்டி வெறுமையாகத் திரும்பக் கூடாதே என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அடிவாரத்தில் சீட்கவர் நான்கு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகுதான் மலை ஏறினோம்.

என்ன ஆனாலும் உடனே சொல். நல்லதோ கெட்டதோ, உடனே. விடியும்வரை வைத்திருக்காதே.

அக்கா


மார்ச் 20, வியாழன், மாலை

அக்கா,

அப்பா நன்றாக இருக்கிறார். இதை முதல் வரியாக எழுதிவிட்டுத்தான் மற்றது. வால்வு மாற்றியாகிவிட்டது. கண் திறந்துவிட்டார். குழாயெல்லாம் இருக்கிறது, ஆனால் உதடு சிவப்பாக இருக்கிறது.

காலையில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போகும் முன் லிஃப்ட்டுக்காக நின்றோம். அது வரவில்லை. என் தொழில் பார், நானே நாலு தடவை பட்டனை அமுக்கினேன். அப்பா என் கையைப் பிடித்தார். "அது வரும்போது வரும். அதுக்குள்ள ஒண்ணு சொல்லணும். கண்டக்டர் என்னைச் சொல்ல விட மாட்டேங்குறா" என்றார்.

"அன்னிக்கு உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னது நான்டா. அவ போனைக் கையில எடுத்துட்டா. நான் பிடுங்கினேன். மலையில கண்ணு தெரியாத பனி. அம்மாவுக்கு இப்படின்னு கேட்டா நீ அந்த ராத்திரியே ஸ்டீரிங்கைப் பிடிச்சிருப்பே. ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போறோம்னு கிளம்பினவங்களை நான் அந்தப் பள்ளத்துலேர்ந்து எத்தனை தடவை தூக்கியிருக்கேன். ஒரே ராத்திரில ரெண்டு பேரை இழக்க என்னால முடியாது. அதான் விடியட்டும்னேன்."

மூன்று வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கத்தினப்பவே சொல்ல வந்தேன். அவ என்னைத் தடுத்தா. 'அம்மா போயிட்டா. உங்க மேலயும் கோபம்னா அவனுக்கு யார் இருக்கா? என் மேலயே இருக்கட்டும்'னா." அப்போதுதான் லிஃப்ட் வந்தது. அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அந்த மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விவரம் தெரிந்த பிறகு நான் அப்படி அழுததில்லை.

உன்னிடம் காரணம் கேட்டேன். நீ தர மறுக்கிறாய் என்று எழுதினேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும்? மன்னிப்பு என்று எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். அது எழுதுகிற விஷயமில்லை. நேரில் சொல்கிறேன்.

சாயங்காலம் அப்பா கண் திறந்ததும் நானும் என் பெண்டாட்டியும் போய் நின்றோம். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "கண்டக்டர் எங்கடா? ஆளை எண்ணிப் பார்க்காம வண்டியை எடுத்துட்டியா?" என்றார். குரலே வரவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அதனால் ஒரு வண்டி பதிவு செய்திருக்கிறேன். அந்தக் கம்பெனியில் இல்லை. சீட்கவர் நம்பரை அப்பாவின் சட்டைப் பையில் நீ வைத்திருந்த சீட்டில் பார்த்தேன். அவருடைய கூட்டாளி ஒருவர் இங்கே இருக்கிறார், ராத்திரி நன்றாகத் தூங்குபவராம். அப்பாவோடு என் பெண்டாட்டி இருப்பாள், நாளைக் காலை வெளிச்சம் வந்த பிறகு அவரும் நானும் கிளம்புகிறோம். ஆமாம், கிளம்புகிறோம். மேலே வரும்போது வண்டி வெறுமையாக வராது, முன்சீட்டில் நான் இருப்பேன். அவரும் 'எதுக்காகப் போறீங்க சார்?' என்று கேட்டார். அக்காவைக் கூப்பிட என்றேன்.

கீழே இறங்கும்போது அந்த வண்டியை வெறுமையாக அனுப்பிவிடாதே அக்கா. ரோடு என்னை மதிக்காது.

தம்பி


மார்ச் 21, வெள்ளி, காலை

தம்பி,

உன் மெயிலை இஸ்திரி மேஜையில் வைத்துப் படித்தேன். ஒரு திரைச்சீலையில் பெட்டி பதிந்து கருகிவிட்டது. ஹோட்டல்காரருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. போகட்டும்.

கடைக்கதவில் பூட்டு தொங்குகிறது. பெட்டி கட்டிவிட்டேன். அப்பாவின் பழைய போர்வையை வெளுத்து எடுத்து வைத்திருக்கிறேன். உன் பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது, வழியில் நீ சொல்.

இந்நேரம் நீங்கள் மலை ஏறத் தொடங்கியிருப்பீர்கள். இங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது, எதிர்வீடு தெரியவில்லை. டிரைவரை விரட்டாதே. அவரோடு பேசிக்கொண்டே வா. பனி அதிகமென்றால் உச்சியில் நிறுத்தி, டீ குடித்து, விலகின பிறகு கிளம்புங்கள். சாயங்காலம் ஆனாலும் சரி, நாளைக்கு ஆனாலும் சரி.

மெதுவா வா. நான் எங்கேயும் போயிட மாட்டேன்.

அக்கா